ஆபுத்திரன் ஓடு

துன்பம் ஏன் வருகிறது என்பது ஒரு வினா. துன்பம் வந்தபின் மனிதன் என் செய்வது என்பது வேறொரு வினா. முதல் வினாவிற்கு ஊழ் என்றும், வினை என்றும், இறைவன் திருவுளம் என்றும் விடை கூறாத சமயம் இல்லை. அவ்விடையைப் பெற்றவர் இரண்டாம் வினாவிற்கும் விடை கண்டுவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் பெரும்பாலும் நிகழ்கிறது. மணிமேகலையைக் கற்பிக்குமிடத்தும் இக்குழப்பம் நேர்வதுண்டு. அது பௌத்த நூல். துன்பத்திற்குக் காரணம் பற்று என்பது பௌத்தம். ஆகவே பற்றை விடுக என்பதே நூலின் கருத்து. இவ்வாறு மூன்று வரியில் முடித்து, அமுதசுரபியைப் பற்றிய சில குறிப்புகளையும் எழுதிக் கொடுத்துவிட்டால் பாடம் நிறைவுற்றதாகக் கருதப்படுகிறது.

இவ்வாறு படிப்பவர்க்குக் காப்பியத்தின் பாதியே கிட்டும். சாத்தனார் துன்பத்தின் காரணத்தை அறியாதவர் அல்லர். அதனை விரித்துரைக்கும் காதைகளை நூலின் இறுதியில் வைத்தே இருக்கிறார். ஆயினும் துன்புறுவோரை எதிரில் நிறுத்தும் இடங்களில் அவர் செய்வது வேறு. அங்கே காரணம் பின்னே நிற்கிறது. உணவுக்கலம் முன்னே வருகிறது. இவ்வரிசையை மாற்றிப் படித்தால் நூலே மாறிவிடும்.

மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்பது ஆசிரியர் பெயராக வழங்குவது. கூலம் என்பது தானியம். நெல்லும் வரகும் விற்றவர் பசியைப் பற்றிக் காப்பியம் பாடினார் என்பதில் வியப்பில்லை. விளைச்சல் குறைந்தால் விலை ஏறுவதையும், விலை ஏறினால் யார் முதலில் கடைக்கு வருவதை நிறுத்துகிறார் என்பதையும் தானிய வாணிகரைப்போல் அறிந்தவர் இலர். உ. வே. சாமிநாதையர் 1898-இல் இந்நூலை அச்சிட்டு வெளியிட்டது முதல், அதன் சமயத்தைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் எழுந்த ஆராய்ச்சிகள் மிகப்பல. அதன் பசியைப் பற்றி எழுந்தவை அத்துணை இல்லை.

காரணம் கூறித் துயர் தீர்க்கும் முறையையும் சாத்தனார் ஓரிடத்தில் முழுமையாகக் காட்டியிருக்கிறார். சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் கோதமை என்னும் பார்ப்பனியின் கதை வருகிறது. அவள் மகன் சார்ங்கலன் இரவில் தனியே சுடுகாட்டு வழியே சென்று, பேயைக் கண்டு அஞ்சி, வீடு வந்து தாயிடம் சொல்லிவிட்டு உயிர் விடுகிறான். இறந்த மகனை மார்பில் அணைத்துக்கொண்டு கோதமை நகர்த்தெய்வமாகிய சம்பாபதியை அழைக்கிறாள். தன் உயிரை எடுத்துக்கொண்டு மகன் உயிரைத் தருமாறு வேண்டுகிறாள். கண்ணிழந்த கணவனை அவன் காப்பான் என்பது அவள் கூறும் காரணம். எத்துணைக் கணக்கான வேண்டுகோள்! துயரின் உச்சியிலும் அவள் வீட்டைப் பற்றியே எண்ணுகிறாள். தெய்வமோ, போன உயிர் தன் வினைவழிச் சென்றுவிட்டது, அது மீளாது என்கிறது. கோதமை ஒப்பவில்லை. தெய்வங்கள் வரம் தருமென மறைகள் கூறுகின்றனவே என வாதிடுகிறாள். உடனே சக்கரவாளத்துத் தேவர் அனைவரும் அவள்முன் வரவழைக்கப்படுகின்றனர். அனைவரும் அதனையே கூறுகின்றனர்.

பௌத்த நூல்களில் கிசாகோதமி என்னும் தாயின் கதை உண்டு. சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கிவா என்று புத்தர் அவளை அனுப்புகிறார். அவள் வீடுதோறும் சென்று, தன்னைப்போல் இழந்தவர்களைக் கண்டு தெளிகிறாள். தெளிந்து துறவு பூண்டு வாழ்கிறாள். சாத்தனாரின் கோதமை மனிதர் வாழும் வீடுகளுக்குச் செல்லவில்லை. தேவர்களின் ஒருமித்த சான்று அவளுக்குக் கிடைத்தது. அவள் துயர் நீங்கியது என்றே காப்பியம் கூறுகிறது. நீங்கியபின் அவள் மகனைச் சுடலையில் இட்டுத் தானும் இறந்துபடுகிறாள். விளக்கம் அவள் ஐயத்தைத் தீர்த்தது. வாழ்வதற்கு ஒன்றையும் தரவில்லை. கண்ணில்லாத கணவன் என்னவானான் என்பதைக் காப்பியம் சொல்லாமல் விடுகிறது.

இவ்வாறு விளக்கத்தின் எல்லையைக் காட்டியபின்னரே சாத்தனார் பசியை எடுத்துக்கொள்கிறார்.

மணிபல்லவத் தீவில் தீவதிலகை என்பாள் மணிமேகலைக்கு அமுதசுரபியின் வரலாற்றைக் கூறித் தரும்போது, பசி என்ன செய்யும் என்பதை அடுக்கி உரைக்கிறாள். நற்குடிப் பிறப்பைப் பசி அழிக்கும், மேன்மையைக் கெடுக்கும், கற்ற கல்வியைக் கைவிடச் செய்யும், நாணத்தை நீக்கும், மனைவி மக்களோடு பிறர் வாயிலில் நிறுத்தும். மழையற்ற காலத்தில் நாயின் ஊனை உண்ணத் துணிந்த முனிவன் கதையையும் அவள் எடுத்துக்காட்டாகக் கூறுகிறாள். இப்பட்டியலை ஊன்றி நோக்குதல் வேண்டும். குடிப்பெருமை, மேன்மை, கல்வி, நாணம் ஆகியவை யாவை? துன்பம் வந்தபோது மனிதன் பற்றி நிற்கும் ஊன்றுகோல்கள் அல்லவா? நோயுற்றவன் தான் கற்றதை எண்ணித் தேறலாம். சிறைப்பட்டவன் தன் கொள்கையை எண்ணித் தேறலாம். மகனை இழந்தவள் பிறர் இழப்பைக் கண்டு தேறலாம். பசியோ தேறுதற்குரிய மனத்தையே முதலில் உண்டுவிடுகிறது. துன்பத்தில் பொருள் காண்க என்று பசித்தவனிடம் சொல்லுதல், காலில்லாதவனை ஏணி ஏறச் சொல்வது போன்றது. மணிமேகலை பசியை ஏனைய துன்பங்களோடு ஒன்றாக வைத்து எண்ணாமல் தனியே பிரித்து நிறுத்தியதற்குக் காரணம் இதுவே எனலாம்.

இந்நாட்டுத் தமிழர் இவ்வுண்மையைக் காப்பியத்தில் படித்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாநிலத்தைச் சூறையாடிய பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நாட்டுப்புறம் நினைவில் வைத்திருக்கிறது. அத்தகைய பஞ்சங்களும் வறுமையும் துரத்தியே பலர் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்தனர். பின்னர் 1942 முதல் 1945 வரை நிகழ்ந்த சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாகி, மரவள்ளிக்கிழங்கே பல வீடுகளில் உணவாயிற்று. 1943 அக்டோபரில் முடிவுற்ற 415 கிலோமீட்டர் நீளச் சயாம்–பர்மா இருப்புப்பாதையில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். நோயும் அடியும் கொன்றதோடு பசியும் கொன்றது. அப்பாதையிலிருந்து மீண்டவர்களின் நினைவுரைகளில் தத்துவம் குறைவு. கஞ்சியும் உப்பும் மருந்தும் மிகுதி. தீவதிலகையின் பட்டியல் நூற்பொருள் மட்டும் அன்று என்பதற்கு அவர்களே சான்று.

உணவளிப்பவரே உயிரளிப்பவர் என்னும் கருத்துச் சாத்தனாரின் தனி உடைமை அன்று. புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அதனை முன்னரே கூறியிருக்கிறார். ஆனால் அங்கே அது அரசனுக்குச் சொன்ன ஆட்சியுரை. நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தேக்குக என்பதே புலவர் வேண்டுவது. சாத்தனார் அதே கருத்தை ஒரு தீவின் காவல்தெய்வம் ஒரு கணிகையின் மகளுக்குக் கூறுவதாக அமைக்கிறார். குளம் வெட்டும் வலிமை அவளுக்கில்லை. கையில் இருப்பது ஒரு பிச்சைப் பாத்திரம். அதனை அவள் கேட்டுப் பெறும்போது கூறும் உவமை தமிழ்க் காப்பிய உவமைகளுள் தலைசிறந்தது. ஈன்ற குழந்தையின் முகத்தைக் கண்டதும் தாய்க்குப் பால் சுரப்பதுபோல, பசித்தவர் முகத்தைக் கண்டதும் இக்கலம் சுரப்பதைத் தான் காண வேண்டும் என்கிறாள். முகம் என்னும் சொல்லை மனத்திற் கொள்க. ஆபுத்திரன் கதையிலும் அது மீண்டும் வரும்.

அள்ள அள்ளக் குறையாத கலம் ஒன்று கையில் இருந்தால் அறம் செய்வது அரிதோ என்று மாணவர் வினவுவதுண்டு. நல்ல வினா. அதற்கு விடை ஆபுத்திரன் வரலாற்றில் இருக்கிறது.

வாரணாசிப் பார்ப்பனன் ஒருவனின் மனைவி சாலி. நெறி தவறியவள்; கழுவாய் தேடிக் குமரித்துறை நோக்கி வந்தவள் வழியில் ஓர் இரவில் ஈன்று குழந்தையை விட்டுச் சென்றாள். ஏழு நாள் ஒரு பசு பாலூட்டிக் காத்தது. இளம்பூதி என்னும் பார்ப்பனன் எடுத்து வளர்த்து மறை ஓதுவித்தான். அவ்வூர் வேள்விச்சாலையில் பலிக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவை ஆபுத்திரன் இரவில் அவிழ்த்துக்கொண்டு போனான். பிடிபட்டான், அடிபட்டான், பசுவின் மகன் என்று இகழப்பட்டான். விலங்கின் வயிற்றில் பிறந்த முனிவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி அவன் திருப்பிக் கேட்டான். அதன்பின் அவன் பிறப்பு வெளியானது. வளர்த்த தந்தையே துரத்தினான். அவன் ஏந்திய பிச்சை ஓட்டில் அந்தணர் கல்லை இட்டனர்.

ஓட்டில் கல் விழுந்த கணத்தில் அவன் நெஞ்சில் நிகழ்ந்ததைக் காப்பியம் கூறவில்லை. அவன் செய்ததைக் கூறுகிறது. தென்மதுரைக்குச் சென்று சிந்தாதேவி கோயிலின் முன்றிலில் தங்கினான். மாடங்கள்தோறும் இரந்தான். பார்வையற்றவர், காது கேளாதவர், முடவர், நோயாளர், ஆதரிப்பார் அற்றவர் ஆகியோரை அழைத்து ஊட்டினான். எஞ்சியதைத் தான் உண்டான். அந்த ஓட்டையே தலைக்கு அணையாக வைத்து உறங்கினான். அமுதசுரபி இன்னும் அவன் கைக்கு வரவில்லை என்பதை ஆசிரியர்கள் அழுத்திக் கூறுதல் வேண்டும். கல் இடப்பட்ட அதே ஓடுதான் அறச்சாலையாயிற்று. ஊர் தனக்கு இழைத்த இழிவிற்கு அவன் பொருள் தேடவில்லை, பழியும் தேடவில்லை. தன்னினும் கீழே கிடந்தவர்களைத் தேடினான். மந்திரக்கலம் வந்ததெல்லாம் அதற்குப் பின்னர்தான். மழைக்கால நள்ளிரவில் வழிப்போக்கர் சிலர் பசித்து வந்து எழுப்ப, கொடுக்க ஒன்றுமின்றி அவன் கலங்கியபோது சிந்தாதேவி அதனைத் தந்தாள். தனக்காக ஒருநாளும் கலங்காதவன் அன்றுதான் கலங்கினான்.

மணிமேகலைக்கும் அவ்வாறே. கலம் கையில் இருந்தும், கற்பிற் சிறந்த ஆதிரை முதற்பிச்சை இட்டபின்னரே அவள் அறம் தொடங்குகிறது. ஒருவர் தம் உலையிலிருந்து எடுத்துப் போடாமல் தெய்வக்கலமும் சுரப்பதில்லை.

ஆபுத்திரன் அறத்தால் இந்திரனின் இருக்கை நடுங்குகிறது. அவன் முதிய அந்தணனாய்க் கோலூன்றி வந்து, கொடையின் பயனைத் தருகிறேன் என்கிறான். ஆபுத்திரன் சிரிக்கிறான். இடுப்பு ஒடியச் சிரித்தான் என்னும்படி அமைந்த சிரிப்பு அது. உங்கள் உலகில் பயனை நுகர்வோர் உளர். அறம் செய்வோர் உளரோ? காப்பாற்றப்பட வேண்டியவரேனும் உளரோ? வருந்தி வந்தவரின் பசியைப் போக்கி அவர் முகம் மலர்வதை இக்கலம் எனக்குக் காட்டுகிறது. இதனினும் மேலாக நீ எதைத் தருவாய்? என்று கேட்கிறான். இங்கும் முகமே வருகிறது. கொடையின் பயன் மறுமையில் இல்லை, எதிரிலிருப்பவன் முகத்தில் இருக்கிறது என்று பிச்சைக்காரன் ஒருவன் தேவர்கோனுக்கே கூறும் துணிவு எளிதில் எய்தற்கரியது.

இந்திரன் பழிவாங்கினான். எவ்வாறு? பன்னீராண்டு மழையின்றிக் கிடந்த பாண்டிநாட்டில் மழையைப் பெய்வித்தான்! வரத்தையே தண்டனையாக்கிய இக்கற்பனை சாத்தனாரின் நுண்மதிக்குச் சான்று. நாடு செழித்தது. பசித்தவர் கூடிய அம்பலத்தில் இப்போது காமுகரும் சூதாடிகளும் வீண்பேச்சாளரும் கூடினர். ஆபுத்திரன் ஓட்டை ஏந்திக்கொண்டு உண்பார் உளரோ என்று தெருத்தெருவாய்க் கேட்டான். கேட்டவர் நகைத்தனர். பெருஞ்செல்வத்தைக் கடலில் பறிகொடுத்துத் தனியே கரையேறியவன்போல் அவன் திரிந்தான் என்கிறது காப்பியம்.

இவ்விடத்தில் ஓர் இடர் உண்டு. பிறர் துன்பத்தைத் தீர்ப்பதில் தன் வாழ்வின் பொருளைக் கண்டவன், பிறர் துன்பம் தீர்ந்ததும் பொருளற்றுப்போகிறான். அவ்வாறாயின் அவனுக்கு வேண்டியது பிறர் இன்பமா, பிறர் பசியா? தொண்டு செய்வோர் பலரையும் நெருங்கும் வினா இது. ஆபுத்திரனைக் குறையற்றவனாகவே புகழும் கட்டுரைகள் இதனைக் கண்டும் காணாமல் கடந்து செல்கின்றன. சாத்தனார் கடக்கவில்லை. ஆபுத்திரன் மழையை வெறுத்தான் என்றோ பஞ்சம் மீள வேண்டினான் என்றோ அவர் கூறவில்லை. அவன் துயரை மட்டும் மறைக்காமல் கூறுகிறார். அப்போது மரக்கலத்திலிருந்து இறங்கியவர்கள், சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்னும் செய்தியைக் கொண்டுவருகின்றனர். அவன் கப்பலேறுகிறான்.

சாவகம் என்பதை இன்றைய யாவா எனக் கொள்வார் பலர். தென்கிழக்காசியத் தீவுப்பகுதிக்கே பொதுப்பெயராகக் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும், தமிழ்நாட்டிலிருந்து இத்திசை நோக்கிக் கப்பலேறிய எண்ணற்றவர்களுள் இவன் வேறுபட்டவன். பிறர் தம் பசி தீர வந்தனர். இவன் பிறர் பசி தீர்க்கப் புறப்பட்டான். வந்து சேர்ந்தானா என்றால், இல்லை. காற்று மிகுந்து கப்பல் மணிபல்லவத்தில் ஒருநாள் தங்கியது. அவன் இறங்கினான், ஏறிவிட்டான் என்று எண்ணி மாலுமிகள் கப்பலைச் செலுத்திவிட்டனர். மக்கள் வழங்காத தீவில் அவனும் கலமும் எஞ்சினர். பல உயிரை ஓம்பும் இதனைக்கொண்டு என் ஓர் உயிரை மட்டும் ஓம்புவதோ என்று எண்ணி, கலத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் துறந்தான்.

ஆபுத்திரன் கதை பெரும்பாலும் இங்கே முடிக்கப்படுகிறது. ஈகத்தின் உச்சி என்று கூறி, கைதட்டாத குறையாகப் பாடம் நிறைவுறும். ஆனால் சாத்தனார் பதினொரு காதைகள் கழித்து, இருபத்தைந்தாம் காதையில், அதே மணல்மேட்டிற்குத் திரும்பி வருகிறார். சாவக நாட்டில் மீண்டும் பசுவின் வயிற்றில் பிறந்து, புண்ணியராசன் என்னும் பெயருடன் நாகபுரத்தில் அரசாள்பவன் அவன். மணிமேகலை அவனை மணிபல்லவத்திற்கு வரச்செய்கிறாள். அவன் தன் பழம்பிறப்பை உணர்கிறான். தன் பழைய உடம்பின் எலும்பையே மணலைத் தோண்டிக் காண்கிறான். அருகில் வேறு எலும்புகளும் உள. தீவதிலகை அவற்றைச் சுட்டிக் கூறுகிறாள்: இவை உன்னை விட்டுப்போனதை உணர்ந்து, தேடித் திரும்பிவந்து, நீ இறந்தது கண்டு தாமும் இறந்த ஒன்பது வணிகர்களுடையவை. அவை, அவ்வணிகர் இட உண்டு வாழ்ந்து, அவருடன் வந்து, அவர் இறந்ததனால் மாண்டவர்களுடையவை. உன் உயிரைக் கொன்றாய். உனக்கு இரங்கி வந்த பிறர் உயிரையும் கொன்றாய். கொலைஞனாகிய நீ இன்று கொற்றவன்!

அரசனின் முகத்துக்கு நேரே வீசப்பட்ட இச்சொல் காப்பியத்தின் மிகக் கடுமையான தீர்ப்பு. யார்மீது? வஞ்சகர்மீதோ கொடுங்கோலர்மீதோ அன்று. காப்பியத்தின் மிகச்சிறந்த அறவோன்மீது. தன் துயருக்கு அழகியதொரு முடிவைத் தேடிக்கொண்டவன் அவன். அவ்வழகைச் சாத்தனாரும் பதினான்காம் காதையில் மதித்தே பாடினார். எனினும் தன் சாவு தன்னோடு முடியும் என அவன் எண்ணியது பிழை என்பதை எலும்புக்குவியல் காட்டுகிறது. பிறர் பசியைத் தன் பசியாக உணர்ந்தவன், தன்னை இழந்தவர்களின் துயரை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. அவன் இன்னும் சிலநாள் உண்டு காத்திருந்தால் அந்த ஒன்பது பேரும் வந்திருப்பர். கப்பல் சாவகம் சென்றிருக்கும். பொறுத்திருத்தலும் ஓர் அறம் என்பதை, அறத்தின் உருவாகிய ஒருவன் அறியாமல் போனான்.

தன் எலும்பைக் கண்டு நடுங்கிய அரசனுக்கு மணிமேகலை கூறும் தேறுதலில் பழவினை விளக்கம் நீளவில்லை. உன் நாடு உன்னை அழைக்கிறது, திரும்பிச் செல் என்பதே அதன் சாரம். அறமென்று சொல்லப்படுவது யாதெனின், உயிர்களுக்கு உணவு, உடை, இருப்பிடம் ஆகிய மூன்றும் தருவதன்றி வேறில்லை என்கிறாள். துறவு பூண்ட இளம்பெண் ஒருத்தி, துறக்க நினைத்த அரசனை ஆட்சிக்குத் திருப்பி அனுப்புகிறாள்! பற்றை விடுதலே இந்நூலின் ஒரே செய்தி என்பார் இவ்விடத்தை எவ்வாறு விளக்குவர்? அவனும், தன் நாடாயினும் பிறர் நாடாயினும் அவள் கூறிய அறத்தைச் செய்வேன் என ஒப்புகிறான்; உன்னைப் பிரிவதுதான் அரிது என்றும் ஒரு சொல் சேர்க்கிறான். அச்சொல் அவனை மீண்டும் மனிதனாக்குகிறது. ஓட்டோடு புறப்பட்டவன் அடையாத சாவகத்தை அவன் செங்கோலோடு அடைந்தான். அவன் பிறந்தது முதல் அங்கே மழை பொய்க்கவில்லை என்று காப்பியம் கூறுவதும் கருதத்தக்கது. மதுரையில் அவனைப் பொருளற்றவனாக்கிய மழையே இங்கே அவன் ஆட்சியின் அடையாளம்.

பசியல்லாத துன்பத்தைச் சாத்தனார் எவ்வாறு நோக்கினார் என்பதற்குச் சிறைவிடு காதை சான்று. மகன் உதயகுமரன் வெட்டுண்டு இறந்தபின், இராசமாதேவி மணிமேகலையைப் பழிவாங்க முயல்கிறாள். பித்தேற்றும் மருந்து கொடுக்கிறாள். இளைஞன் ஒருவனை ஏவி இழிவுபடுத்தப் பார்க்கிறாள். நோயென்று பெயரிட்டு உணவின்றி அறையில் அடைக்கிறாள். எதுவும் பலிக்காமல் அஞ்சி நிற்கும் தாயிடம் மணிமேகலை கேட்கிறாள்: நீ அழுதது மகன் உடலுக்கா, உயிருக்கா? உடலுக்கெனில், அதனைச் சுடுகாட்டில் இடச்செய்தவர் யார்? உயிருக்கெனில், அது எங்கே புகுந்ததென அறிவார் யார்? அவ்வுயிர்மேல் அன்பு உண்டாயின், எவ்வுயிர்க்கும் நீ இரங்குதல் வேண்டும்.

மேடைகளில் அடிக்கடி முழங்கும் பகுதி இது. தனித்து எடுத்தால், மகனைப் பறிகொடுத்தவளிடம் கூறத்தகாத குளிர்ந்த தருக்கமாகவே ஒலிக்கும். இதனைப் பொறுக்கத்தக்கதாக்குவது முன் நிகழ்ந்த ஒன்று. உதயகுமரன் வெட்டுண்டு கிடந்தபோது, முற்பிறப்பில் அவன் தன் கணவன் என அறிந்திருந்த மணிமேகலையும் கதறினாள். உடலை அணைக்க ஓடினாள். கந்திற்பாவை தடுத்தே நின்றாள். பிறப்பின் மருமங்களை எல்லாம் அறிந்திருந்தும் அவளால் அழாமல் இருக்க முடியவில்லை. அழுதவள் கேட்ட வினா ஆதலின் அது அரசியின் நெஞ்சில் தைத்தது. அன்றியும் கோதமைக்குத் தேவர்கள் கூறியது போன்று, போன உயிர் மீளாது என்பதோடு இவள் நிற்கவில்லை. ஒரு மகனிடம் அடங்கியிருந்த அன்பிற்கு வேறு வழி திறந்துவிட்டாள். கோதமை இறந்தாள், இராசமாதேவி வாழ்ந்தாள். இரு தாயரையும் ஒருசேர வைத்துக் கற்பிக்கும் வகுப்பில் நூலின் வளர்ச்சி மாணவர்க்குத் தானே புலனாகும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. யானைத்தீ என்னும் தீராப்பசியால் பன்னீராண்டு வாடிய காயசண்டிகை, மணிமேகலை இட்ட ஒரு கவளத்தால் நலம் பெற்றுக் கணவனிடம் பறந்து செல்கையில் விந்தமலைத் தெய்வத்திற்கு இரையாகிறாள். இந்த முடிவு கதைப்போக்கிற்குத் தேவைப்பட்டிருக்கலாம். படிப்பவர் நெஞ்சம் ஏற்பதில்லை. சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதையும், அளவை இலக்கணம் விரியும் இருபத்தொன்பதாம் காதையும் காப்பியச் சுவை குன்றியவை என்னும் பழைய குறைகூறல் பெரிதும் உண்மையே. எனினும் அவை நிற்கும் இடத்தை நோக்குதல் தகும். வஞ்சியில் சமயவாதிகள் ஐம்பொறியும் ஐம்பூதமும் ஆய்ந்து முடித்தபின் மணிமேகலை எங்கே செல்கிறாள்? மழையின்றி மக்கள் மடியும் காஞ்சிக்குச் செல்கிறாள்.

அங்கே அரசன் இளங்கிள்ளி அவளை எதிர்கொண்டு கேட்கும் வினா, துன்புற்றோர் அனைவரும் கேட்பது. என் செங்கோல் வளைந்ததா? செய்த தவம் பிழைத்ததா? நாடு இவ்வாறு வாடியதன் காரணம் அறியேனே என்கிறான். காரணம் கூற வல்லவள் அவள். பிறப்பறியும் ஆற்றல் உண்டு. எல்லாச் சமயத்தார் கூற்றையும் அப்போதுதான் கேட்டு வந்திருக்கிறாள். ஆயினும் அரசன் வினாவிற்கு அவள் விடை கூறவில்லை. பொய்கையும் பொழிலும் அமைந்த இடத்தில் பீடிகை ஒன்றன்மேல் கலத்தை வைத்து, உண்ண வருக என்று அழைக்கிறாள். பதினெண் மொழி பேசுவோர் வருகின்றனர். கண்ணில்லாதோர், காலில்லாதோர், பேச இயலாதோர், யாருமற்றோர், நோயுற்றோர், விலங்குகளும்கூட வருகின்றன. அவரவர் வினை யாது என்று ஒருவரையும் அவள் வினவவில்லை. அறவண அடிகள் அறவுரை தொடங்குவது அனைவரும் உண்டபின், அடுத்த காதையில்தான்.